கொடுப்பவனும் முடிப்பவனும்

2010 டிசம்பர் 26 இரவு, புக்கிட் ஜாலில் அரங்கம். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ண இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். இடைவேளை தாண்டியும் இரு தரப்பிலும் கோல் விழவில்லை. இந்தோனேசியத் தற்காப்பு ஆட்டக்காரர் மாமான் அப்துர்ரஹ்மான், எல்லைக்கோட்டை நோக்கி உருண்டுகொண்டிருந்த பந்தை உடம்பால் மறைத்தபடி, அது தானாக வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டார். மலேசியாவின் நோர்ஷாருல் இட்லான் விடவில்லை. விரட்டிப் போய்க் காலை நுழைத்துப் பந்தைப் பறித்தார். தலை நிமிர்ந்து ஒரு பார்வை, உள்ளே ஒரு தட்டு. ஓடி வந்த சாஃபி சாலி அதை வலைக்குள் அனுப்பினார். அன்றிரவு மலேசியா 3-0 என்று வென்றது. அதே இந்தோனேசியா அதே மாதம் முதல் தேதி குழுச்சுற்றில் நம்மை 5-1 என்று நொறுக்கியிருந்தது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், கூட்டுக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நம் கைக்கு வந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால், நம்மவர்.

அந்தத் தொடரில் சாஃபி 5 கோல் அடித்தார். அதிகக் கோல் அடித்தவரும் அவர்தான். இன்றைக்கும் மலாக்காவின் ஜாசின் பசாரில் போய்க் கேட்டால் எல்லாரும் சாஃபியின் பெயரைச் சொல்வார்கள். நோர்ஷாருலின் பெயர் கொஞ்சம் யோசித்த பிறகு வரும். சிலருக்கு வராமலும் போகும். சாஃபியின் பெருமையில் ஒரு துளி குறைக்க நான் வரவில்லை. ஆனால் நலிந்த அணி ஒன்று, கையில் ஒரே ஓர் ஆளுக்கான காசை வைத்துக்கொண்டு யாரை எடுப்பது என்று நிற்கும்போது, அந்த இரண்டாவது பெயரைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கேள்வியை மிகத் துல்லியமாகக் கேட்டுப் பழகியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய காற்பந்து வேறு ஆட்டம். கையால் எறிந்து, கையால் ஏந்துவது. எறிபவனைக் குவார்ட்டர்பேக் என்பார்கள், ஓடிப்போய் ஏந்துபவனை ரிசீவர் என்பார்கள். அங்கே ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்க டிராஃப்ட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணிதான் முதலில் ஆள் எடுக்கும். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல் 1935இல் முன்வைத்த யோசனை அது. அவருடைய அணி அடிமட்டத்தில் கிடந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் காசுள்ள அணிகளுக்கே போனார்கள். இப்படியே போனால் லீக்கே செத்துவிடும் என்று மற்ற முதலாளிகளிடம் வாதாடிச் சம்மதிக்க வைத்தார். 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது.

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். இங்கே பணம் உள்ளவன் முதலில் எடுப்பான். எடுத்தது போக மிஞ்சியதில் மற்றவர்கள் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஜொகூர் டாருல் தக்சிம் அணி 2014 தொடங்கி 2024-25 வரை ஒரு பருவம்கூட விடாமல் 11 முறை மலேசிய சூப்பர் லீக் வென்றதற்கு அவர்களுடைய உழைப்பு ஒரு காரணம், இந்த ஏற்பாடும் ஒரு காரணம். ஆகவே மலாக்கா போன்ற மாநிலத்துக்கு ஒரு தேர்வு தவறினால் அடுத்த ஆண்டு ஈடுகட்ட வழி கிடையாது. அமெரிக்க அணியைக் காட்டிலும் நாம்தான் இந்தக் கேள்வியைக் கவலையோடு கேட்க வேண்டியவர்கள்.

சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற அணியின் ஐந்தாண்டுக் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2017 டிராஃப்ட்டில் அவர்களுக்கு 9ஆவது இடம். ஜான் ராஸ் என்ற ரிசீவரை எடுத்தார்கள். தேர்வுக்கு முந்திய சோதனையில் அந்த இளைஞர் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடியிருந்தார். அந்தச் சோதனையில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. கடிகாரத்தில் பதிவான வேகம், யாராலும் மறுக்க முடியாது. முதல் பருவம் முழுவதும் அவர் ஒரு பந்தைக்கூட ஏந்தவில்லை. அவரை எடுத்ததற்கு அடுத்த இடத்தில், 10ஆவதாக, கான்சஸ் சிட்டி ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. பேட்ரிக் மஹோம்ஸ். இன்று அவர் கையில், லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் மூன்று வெற்றிகள். அப்போது பெங்கால்ஸிடம் எறிபவர் ஒருவர் இருந்தார், அதனால்தான் ஏந்துபவரைத் தேடினார்கள் என்ற நியாயம் உண்டு. ஆனாலும் அணி சரிந்துகொண்டே போய், 2019இல் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது.

கடைசி இடத்துக்கு வந்ததால் 2020இல் முதல் தேர்வு கிடைத்தது. ஜோ பர்ரோ என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அந்தப் பருவத்திலேயே அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. 2021இல் 5ஆவது இடத்தில் யாரை எடுப்பது என்று பெரிய சண்டை. எறிபவனைக் காக்க ஒரு தடுப்பு ஆட்டக்காரரை எடு என்றார்கள் பலர். அணி ஜமார் சேஸ் என்ற ரிசீவரை எடுத்தது. வெறும் வேகத்துக்காக அல்ல. பர்ரோவும் சேஸும் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். 2019 பருவத்தில் அந்த அணி 15 ஆட்டத்தில் 15உம் வென்றது. ஒருவன் எங்கே திரும்புவான் என்று இன்னொருவனுக்குத் தெரியும். சேஸ் முதல் பருவத்திலேயே 1,455 கெஜம் சேர்த்தார். 2022 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் நின்றது. 20-23 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு வெற்றியோடு கிடந்த அணி அது.

டெட்ராய்ட் அணியின் கால்வின் ஜான்சன் 2012இல் 1,964 கெஜம் ஏந்தி, ஒரு பருவத்துக்கான சாதனையே படைத்தார். அவருக்கு நல்ல எறிபவரும் இருந்தார். இருந்தும் அந்தப் பருவத்தில் அணிக்கு 4 வெற்றி, 12 தோல்வி. ஆக, கொடுப்பவன் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வரிசையைப் பற்றித்தான் பேசுகிறேன். முதலில் கொடுப்பவன். பிறகு முடிப்பவன். முடிந்தால், ஒருவரை ஒருவர் அறிந்த இருவர்.

நம் ஆட்டத்துக்கு வருவோம். இங்கே குவார்ட்டர்பேக் கிடையாது. ஆனால் நடுத்திடலில் நின்று, பந்தை வாங்கி, யாருக்கு எப்போது எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறவன் இருக்கிறான். அமெரிக்க ஆட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலும் எறிபவன் கையில் தொடங்குகிறது. நம் ஆட்டத்தில் எதிரணி நினைத்தால் நடுத்திடல் ஆளை இருவர் சூழ்ந்து மூச்சுமுட்ட வைக்கலாம். முன்வரிசைக்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் எவன் கொடுக்காவிட்டாலும் தானே பறித்துத் தானே அடிக்கவும் முடியும். அமெரிக்க ரிசீவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

மலாக்கா ஒருகாலத்தில் சிறிய பெயர் அல்ல. 1983இல் மலேசிய லீக் கிண்ணம் இந்த மாநிலத்துக்கு வந்தது. நாட்டின் தற்காப்பு அரணாக விளங்கிய சோ சின் ஆவ்ன் பிறந்தது அலோர் காஜாவில். அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. 2015இல் மூன்றாம் நிலை லீக்கை வென்று, 2016இல் பிரிமியர் லீக்கையும் வென்று, மலாக்கா யுனைடெட் 2017இல் சூப்பர் லீக்குக்கு ஏறியபோது குருபோங்கில் உள்ள ஹாங் ஜெபாட் அரங்கம் நிரம்பி வழிந்தது. மெர்லிமாவிலிருந்தும் தெபோங்கிலிருந்தும் பச்சைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்த நம் பிள்ளைகளை அங்கே பார்த்திருக்கிறேன்.

2016 வெற்றியில் பெரும் பங்கு இலியா ஸ்பாசோயெவிச் என்ற மொண்டெனேக்ரோ முன்வரிசை ஆட்டக்காரருக்கு உண்டு. அந்தப் பருவத்தில் 20க்கு மேல் கோல் அடித்தார். என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சி அவர்தான். கீழ் லீக்கில் தற்காப்பு தளர்வாக இருக்கும். பந்து எப்படியோ முன்னால் வந்து சேரும். உயரமும் பலமும் உள்ள ஒருவன் அதை உள்ளே தள்ளிவிடுவான். அப்படிப்பட்ட இடத்தில் கோல் அடிப்பவனை வாங்குவது சரியான கணக்கு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே ஏறியதும் அந்தக் கணக்கு உதவாது. மேல் லீக்கில் பந்து தானாக முன்னால் வராது. 2017இல் மலாக்கா பட்டியலின் கீழ்ப்பாதியில் தத்தளித்தது. முன்னால் நின்றவர் கையை விரித்துக்கொண்டு நடுத்திடலைப் பார்த்து ஏதோ கத்துவார். நடுத்திடலில் இருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தப் பருவத்தின் ஆட்டங்களில் என் மனத்தில் தங்கிய காட்சி அது.

2019இல் லிரிடோன் கிராஸ்னிகி மலாக்காவுக்கு வந்தார். கொசோவோக்காரர். கெடா அணி 2016இல் மலேசியக் கிண்ணத்தையும் 2017இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றபோது நடுத்திடலில் ஆட்டத்தை நடத்தியவர். 2020இல் மலேசியக் குடியுரிமையும் பெற்றார். அவர் ஆடிய பருவத்தில் மலாக்கா பட்டியலின் நடுவில் நிமிர்ந்து நின்றது. ஒரே ஆளால் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். பயிற்றுநர் சைனால் அபிடின் ஹசானுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த ஆண்டு மலாக்கா ஆட்டம் பார்க்க அழகாக இருந்தது. கிராஸ்னிகி பந்தை வாங்கும்போதே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பியிருப்பார். பந்து வந்து சேர்வதற்குள் அது எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். பக்கவாட்டில் ஓடும் நம் உள்ளூர்ப் பையன்கள் அந்தப் பருவத்தில் தயங்காமல் ஓடினார்கள். ஓடினால் பந்து வரும் என்று தெரிந்துவிட்டால் யாரும் ஓடுவார்கள். வராது என்று பட்டுவிட்டால், எவ்வளவு வேகக்காரனும் அரைமனத்தோடு நடந்துகொண்டிருப்பான். கொடுப்பவனை முதலில் எடு என்று நான் சொல்வதன் முழுக் காரணமும் இதுதான். முடிப்பவன் வந்தால் அணியில் ஒருவன் கூடுவான். கொடுப்பவன் வந்தால் ஏற்கெனவே இருக்கிற நான்கைந்து பேர் நல்ல ஆட்டக்காரர்களாக மாறுவார்கள். நலிந்த அணிக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

மறு பருவமே கிராஸ்னிகி ஜொகூருக்குப் போனார். முன்னே சொன்னேனே, பணம் உள்ளவன் முதலில் எடுப்பான். அதன்பின் மலாக்கா யுனைடெட்டின் கதை வேகமாகச் சரிந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி. அதற்குத் தண்டனையாகப் புள்ளிகள் கழிப்பு. 2022 பருவம் முடிந்ததும் உரிமம் கிடைக்காமல் லீக்கை விட்டே வெளியேற்றம். மாதச் சம்பளம் போகாத வீட்டில் எவன் கொடுப்பவன், எவன் முடிப்பவன் என்று பேசுவது வீண். இப்போது மலாக்கா எஃப்.சி. என்ற பெயரில் புதிய அணி கிளம்பி 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்கில் ஆட வந்திருக்கிறது. அதே பழைய கேள்வி புதிய அணியின் வாசலிலும் நிற்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வாங்குவதைப் பற்றி. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. கொடுப்பவனை நாமே உண்டாக்கிய காலம் ஒன்று இருந்தது. அதுவும் இந்த மாநிலத்தின் தோட்டங்களில்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமே மலாக்காவில்தான் எழுந்தது. 1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். பால்மரத்தோடு நம் மக்கள் வந்தார்கள், லயங்கள் வந்தன, கோயில் வந்தது, பள்ளி வந்தது, திடலும் வந்தது. கெமுனிங், டைமண்ட் ஜூபிலி, செர்க்காம், ஜாசின் லாலாங், காடேக், பெர்த்தாம் உலு என்று தோட்டப் பெயர்களை அடுக்கினால், அந்தந்தத் திடலில் ஆடிய யாராவது ஒருவரை இன்றும் இங்குள்ள குடும்பங்கள் நினைவுகூரும். விடியுமுன் பெரட்டு. பிறகு வெட்டுக்காடு. பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்து முடித்து, வீட்டுக்கு வந்து சோறு தின்று, ஒரு தூக்கம். வெயில் தாழ்ந்ததும் திடல். மரம் வெட்டுகிறவன், கிராணியின் மகன், லாரி ஓட்டுகிறவன், டிரெசரின் தம்பி எல்லாரும் ஒரே பந்துக்குப் பின்னால். தீபாவளிக்கு அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்தோடு கிண்ணப் போட்டி. அதற்குத் துரை கிண்ணமும் அரைநாள் விடுப்பும் தருவதுண்டு.

மெர்லிமாவில் ஒரு தாமானில் வசிக்கும், எழுபதைத் தாண்டிய ஒருவரோடு இதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். தோட்ட அணியில் சென்டர்-ஹாஃப் ஆடியவர். அவர்கள் திடலின் இடப்பக்கம் மாட்டுக் கொட்டகை, வலப்பக்கம் மாரியம்மன் கோயில். பந்தை எங்கே அனுப்புவது என்பதற்கு அவர்களிடம் வேறு குறி இல்லை.

“ரைட்-அவுட்டு ஆடுனவன் என் சித்தப்பா மவன். ‘கோயில்’னு ஒரு சத்தம் குடுப்பான். நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன் தம்பி. அடிச்சு விட்டேன்னா அவன் அங்க நிப்பான்.”

“வேற தோட்டத்துத் திடலுக்குப் போனா என்ன செய்வீங்கண்ணே? அங்க கோயில் இருக்காதே?”

“கோயில் இல்லாட்டி என்னா, அவன் இருந்தான்ல?”

பர்ரோவையும் சேஸையும் பற்றி அமெரிக்க வல்லுநர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர் அந்தச் சித்தப்பா மகனோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். ஒரே பள்ளி. ஒரே மழையில் நனைந்து, ஒரே கயிறு கட்டிய தோல் பந்தை உதைத்தவர்கள். அவன் வலது காலில் தடுமாறுவான், மூச்சு வாங்கினால் இடுப்பில் கை வைப்பான், கோபம் வந்தால் உள்ளே வெட்டி ஓடுவான் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். கொடுப்பவன் என்பவன் இப்படித்தான் உருவாகிறான். காலின் திறமை பாதி; மற்றப் பாதி, அடுத்தவனைப் பற்றிய அறிவு. அதைச் சம்பாதிக்க ஆண்டுக்கணக்கில் ஒரே ஆட்களோடு ஒரே திடல் வேண்டும்.

அந்தத் திடல்கள் போன கதை எல்லாருக்கும் தெரியும். முதலில் தோட்டத் துண்டாடல். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு ஆள் குறைவு போதும். பிறகு வீடமைப்புத் திட்டம். ஒரு லயத்தில் இருந்த குடும்பங்கள் அலோர் காஜா, மஸ்ஜித் தானா, பத்து பெரெண்டாம், தங்காக் என்று நாலா பக்கமும் சிதறின. வசதி கூடியது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆனால் அணி என்பது ஓர் இடத்தில் சேர்ந்து வாழ்ந்ததன் விளைவு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்று நம் பையன்கள் ஆடுவது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஃபுட்சால் கூடத்தில். உள்ளங்காலால் பந்தை இழுக்கவும், நெருக்கத்தில் குறுக்கே தட்டவும் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நாற்பது கெஜம் தள்ளி ஓடுகிறவனுக்கு முன்னால் பந்தை விழச் செய்வதை அந்தக் கூடத்தில் கற்க முடியாது. சுவர் தடுக்கும்.

பள்ளிகளின் நிலை இன்னும் இறுக்கம். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, 150க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். ஆறாம் ஆண்டில் ஆண்பிள்ளைகள் பத்துப் பேர் தேறினால் பெரிது. பதினொருவர் அணி என்பது கனவு. ஏழு பேர் ஆட்டத்தில் வேகமுள்ள ஒருவனை முன்னால் நிறுத்தினால் கோப்பை வரும்; ஆசிரியரும் என்ன செய்வார், அப்படித்தான் நிறுத்துவார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அங்குள்ள பயிற்றுநர் “இந்தியப் பையன், நல்லா ஓடுவான்” என்று ஓரத்தில், பக்கவாட்டு ஓட்டக்காரனாக வைப்பார். எஸ். குணாளன் அந்தப் பக்கவாட்டிலேயே ஓடி தேசிய அணிக்குப் போய், ராஜகோபாலின் 2010 குழுவிலும் இருந்தார். என். தனபாலன் முன்வரிசையில் நின்று 2017 சீ விளையாட்டு அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் மலேசியா இறுதியாட்டத்துக்குப் போனது. அதற்கு முன் ஆர். ஆறுமுகம் கோல்கம்பத்தைக் காத்தார், எம். சந்திரன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தற்காப்பில் நின்று அணிக்குத் தலைமை தாங்கினார். காப்பதற்கும் ஓடுவதற்கும் அடிப்பதற்கும் நம்மை நம்பினார்கள். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் இடத்தை நம் பையனிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்த பள்ளித் திடல்களில் இது மாறாமல் நடக்கிறது. மற்றவர்கள் செய்வதைவிட, நம் ஆசிரியர்களும் பெற்றோர்களும் அதையே விரும்புவதுதான் எனக்கு வருத்தம். “ஏன் பந்தைக் குடுத்துட்டே, நீயே அடிக்க வேண்டியதுதானே” என்று திடல் ஓரத்தில் நின்று கத்தும் தந்தையை எத்தனை முறை பார்த்துவிட்டேன்.

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2018இல் பிரிமியர் லீக்கிலும், 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலும் ஆடியபோது, மேல் லீக்கில் நம் பெயர்கள் கும்பலாகக் காதில் விழுந்தன. பி. மணியம் பயிற்றுவித்த அந்த அணி 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடியது. நட்சத்திரம் யாரும் இல்லை. தங்களுக்குள் பந்தைக் கொடுத்து வாங்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் மட்டும். பலமான அணிகளை அவர்கள் திணறடித்த ஆட்டங்கள் உண்டு. அந்தப் பருவத்தோடு அந்த அணியும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நம் சமூகத்தில் அதைப் பற்றி இரண்டு வாரம் பேசினோம். பிறகு பேசவில்லை.

கொடுப்பவனைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதற்கு இன்னொரு காரணம், நாம் தேர்வு வைக்கும் முறை. மாநிலத் தேர்வுக்கோ, கம்பாங்கில் உள்ள மொக்தார் டாஹாரி அகாடமிக்கோ, புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கோ பையன்களை எடுக்கும்போது, ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறியாத பதினொருவரை ஒரு பக்கம், அறியாத பதினொருவரை மறு பக்கம் நிறுத்தி இருபது நிமிடம் ஆட விடுவார்கள். அங்கே ஓடுகிறவன் தெரிவான். ஏமாற்றிக் கடக்கிறவன் தெரிவான். கோல் அடிக்கிறவன் நன்றாகத் தெரிவான். பந்தை அனுப்புகிறவனோ, எவனும் ஓடாத இடத்துக்கு அனுப்பிவிட்டு அசடு வழிய நிற்பான். அவன் சரியாகத்தான் அனுப்பியிருப்பான். அங்கே ஓடி வரத் தெரிந்தவன் அவன் ஊரில் இருக்கிறான். அமெரிக்காவில் கடிகாரமும் அளவுநாடாவும் கருவிகளுமாய்ப் பார்த்தும் டாம் பிரேடியை 2000 டிராஃப்ட்டில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் ஏழு சூப்பர் பவுல் வென்ற குவார்ட்டர்பேக். அங்கேயே அப்படி என்றால், நம் இருபது நிமிடத் தேர்வில் எத்தனை பேர் தவறிப் போயிருப்பார்கள்?

ஆகவே மாநில அணியை நடத்துபவர்களிடம் நான் கேட்பது இது. அடுத்த முறை வெளிநாட்டு ஆளுக்கான காசு கையில் வந்தால், முதல் காசை நடுத்திடலுக்குச் செலவிடுங்கள். கோல் அடிப்பவனை அடுத்த தவணையில் பார்க்கலாம். அப்படி வருகிறவர் ஒரு பருவத்தில் போய்விடாதபடி ஒப்பந்தம் எழுதுங்கள். எழுதிய சம்பளத்தை மாதாமாதம் கொடுங்கள். அவர் பக்கத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கட்டாயமாக நிறுத்தி, பந்தை எப்படி வாங்குகிறார், எப்போது திரும்புகிறார் என்று பார்த்துப் பழக விடுங்கள்.

நம் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலோ தாமானிலோ தான் அடிக்காமல் அடுத்தவனை அடிக்க வைக்கும் பையன் ஒருவன் இருந்தால், அவனை ஓரத்துக்குத் துரத்தாதீர்கள், நடுவில் ஆட விடுங்கள். தேர்வுக்கு அனுப்பும் நாளில் அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். அவன் கொடுக்கும் பந்துக்கு ஓடிப் பழகிய இன்னொரு பையனையும் கூடவே அனுப்புங்கள். இருவரையும் ஒரே பக்கத்தில் ஆட விடச் சொல்லி அங்குள்ள பயிற்றுநரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

பாயா ரும்புட் தமிழ்ப்பள்ளிக்கும் ஹாங் ஜெபாட் அரங்கத்துக்கும் தூரம் அதிகமில்லை.